அம்மா பேர் வந்த இடம்

பள்ளிக்கூடப் படம் என்றால் முதலில் அலாரம் அடித்தே தீர வேண்டும். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதைத் தட்டிவிட வேண்டும். பிறகு பல் துலக்கல், ஒற்றைக் காலுறையைத் தேடல், வாயில் கவ்விய ரொட்டியோடு ஓட்டம், பேருந்து, பள்ளி வாசல், நீண்ட நடைபாதை. அங்கே கதாநாயகன் மெதுவாக நடந்து வருவான். காற்றே இல்லாத இடத்தில் அவன் தலைமுடி மட்டும் பறக்கும். அழகி திரும்பிப் பார்க்கையில் படம் அப்படியே உறைந்து நிற்க, பக்கத்தில் அவள் பெயர் கோணல் எழுத்தில் வந்து விழும். பாட்டுக்காரர், கேமராக்காரர், சண்டைக்காரர் எல்லோரும் கரும்பலகையிலும் மேசை மேலும் கழிவறைக் கதவிலும் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில் மணி அடிக்கும், நடைபாதை காலியாகும், அந்தக் காலி இடத்தில் டைரக்டர் பெயர் மட்டும் ஜம்மென்று நிற்கும். அதுவரை பாதிப் பேர் தியேட்டருக்குள் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பெயர்களையெல்லாம் அவற்றின் இடத்தில் உட்கார வைப்பவளுக்கு எடிட்டிங் ஆபீஸில் டைட்டில் அக்கா என்று பெயர். வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஆபீஸுக்கு அவள் வந்தது வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க. போன் வராத நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல் கிடைத்த தாளிலெல்லாம் எழுத்துகளை வரைந்து தள்ளினாள். ஓர் எழுத்துக்கு மூக்கு வைப்பாள், இன்னொன்றுக்கு வால் வைப்பாள். எடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணைப் போன் எடுக்க வைத்திருப்பது பாவம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அதோடு சரி, வெளியே வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் படித்த காலத்தில் எந்த நடைபாதையிலும் அவளுக்காக எதுவும் உறைந்து நின்றதில்லை. கடைசிக்கு முந்தின பெஞ்சு. டீச்சருக்கே அவள் பெயர் சட்டென்று வராது. அதனாலேயோ என்னவோ, எல்லோருடைய பெயரையும் போட்டு முடித்த பிறகு, 'டைட்டில்' என்று போட்டுப் பக்கத்தில் தன் பெயரைப் பொடி எழுத்தில் எங்காவது ஒளித்து வைப்பது அவள் வழக்கமாகிவிட்டது. படகின் ஓரத்தில், மருந்துப் புட்டியின் மேல், நாயின் கழுத்துப் பட்டையில். மற்ற பெயர்களை நாலு பேர் சரிபார்ப்பார்கள். அவள் பெயரை எவரும் தேடுவதில்லை.

தேடுகிற ஆள் வீட்டில் இருந்தாள். மகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அது ஒரு விளையாட்டு. படம் தொடங்கியதும் இருக்கை நுனிக்கு வந்து, திரையை முழுங்கிவிடுவதுபோல் பார்த்திருந்து, "அம்மா பேரு!" என்று கையை நீட்டிக் கத்திவிடுவாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும் என்று அம்மாவுக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும். எந்தப் படமானாலும் அந்த வீட்டில் டைட்டிலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாக வேண்டும். தாமதமாகக் கிளம்புகிற அப்பாவுக்கு இருவரிடமும் திட்டு விழும். அவர் மருந்துக்கடைக்காரர். தியேட்டர் நாற்காலியைக் கண்டதும் தூங்கிவிடுகிற மனிதருக்கு டைட்டில் என்ன, கிளைமாக்ஸ் என்ன?

இப்போது மகள் மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து அப்பாவை எட்டிவிட்டாள். அந்த உயரத்தை என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது தோளைத் தாழ்த்தி, வலது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடப்பாள். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த வலது செருப்பு 'சரக்' என்று ஒரு தேய்ப்புத் தேய்க்கும். மூன்றாம் மாடியில் சமையலறையில் நின்றாலும் அம்மாவுக்குக் கேட்கும். அது கேட்டுவிட்டால் அவளுக்கு அன்றைய கவலையெல்லாம் இறங்கிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு பள்ளிக்கூடப் படம் வந்தது. டைரக்டர் இளவட்டம், வாயைத் திறந்தால் மூடாத ஆள்.

"அக்கா, எல்லாரும் ஆளுங்கள நடக்க விட்டே எடுத்துட்டாங்க. நமக்கு டைட்டில் முழுக்க கரும்பலகையில சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி ஓடணும். கோடுதான் நடக்கணும், கோடுதான் சிரிக்கணும்."

கோட்டை நடக்க வைப்பதற்கு ஒரு வழி உண்டு. உண்மையான ஆளை நடக்க விட்டு வீடியோ எடுத்து, அதன் மேல் படம் படமாக வரைந்துகொண்டே போக வேண்டும். கதாநாயகனுக்கு டைரக்டரே நடந்தார், வேண்டாம் என்றாலும் விடவில்லை. அழகிக்குக் கணக்குப் பிரிவுப் பெண் நடந்தாள். சிக்கியது ஒரே இடத்தில்தான். இந்த மாதிரிப் படங்களில் தனியாக நடக்கிற பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். மூக்குக் கண்ணாடி, அணைத்த பை, குனிந்த தலை. இடைவேளைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றினால் போதும், பேரழகியாகிவிடுவாள். அது எப்படி என்று எந்தக் கண் டாக்டரும் இதுவரை விளக்கியதில்லை. அந்தப் பெண்ணாக ஆபீஸில் யாரை நடக்கச் சொன்னாலும் நடிக்கிறார்களே தவிர நடக்கவில்லை.

மறுநாள் காலை பால்கனியில் நின்று வழக்கம்போல மகளுக்குக் கையசைத்தாள் அம்மா. மகளும் கையசைத்துவிட்டுத் தெருவில் நடந்தாள். தோள் தாழ்ந்தது, கால் வீசியது. அம்மாவின் கை தானாகப் போனை எடுத்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த நடையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். திரையில் அது வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மாலையில் சொல்லவில்லை.

வரைந்ததைப் பார்த்து டைரக்டர் துள்ளிக் குதித்தார். "அய்யோ அக்கா, செம்ம! எங்க புடிச்சீங்க இந்த நடைய? தோள இன்னும் கொஞ்சம் எறக்குங்க. கால இன்னும் வீசுங்க. அப்புறம் இந்தப் பொண்ணு விழணும்."

"விழணுமா?"

"ஆமாக்கா. பாட்டு டக்குனு நிக்குது, இவ தடுக்கி விழறா, கையில இருக்கிற பேப்பரெல்லாம் பறக்குது, மொத்த ஸ்கூலும் சிரிக்குது. அந்தச் சிரிப்புல படத்தோட பேரு வந்து நச்சுன்னு உட்காருது!"

விழுவதற்கு அவளிடம் வீடியோ இல்லை. மகள் விழவில்லையே. ஆகவே தன் மனதிலிருந்து வரைந்தாள். பெற்ற மகளின் முழங்காலைத் தன் கையாலேயே மடக்கினாள், கண்ணாடியைப் பறக்க விட்டாள், நீளமான கைகளை ஆளில்லாத சட்டைபோல் வீசி எறிந்தாள். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. போட்டுக் காட்டியபோது ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே, பறக்கிற காகிதங்களில் ஒன்றில் தன் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி வைத்தாள்.

அன்று மாலை படிக்கட்டில் 'சரக்' என்று கேட்டபோதுதான், யாரை விழ வைத்துச் சிரித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

உள்ளே வந்த மகள் பையை எறிந்துவிட்டு, "அம்மா, ஸ்கூல் படம் பண்றியாமே? உன் பேரு எங்க வருது? இரு இரு, சொல்லாத! நானே கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸில், "தம்பி, அந்த நடைய மாத்திடலாமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? டைட்டிலுக்கு உயிரே அதுதான! இந்தப் படத்துல எது நல்லா இல்லன்னாலும் அது நல்லா இருக்கு!"

அது என் பொண்ணோட நடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டைரக்டர் வாயாடிதானே ஒழிய கெட்டவர் இல்லை, மாற்றியிருப்பார். ஆனால் தன் வேலையை உயிர் என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதை இழக்க மனம் வரவில்லை. "ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்று மென்று முழுங்கிவிட்டாள். அதன் பிறகு மகளுடைய தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. கேட்காமலேயே புதுச் சட்டை வந்தது. குற்றம் செய்தவர்கள் கையில் தாராளம் தானாக வந்துவிடும்போல.

படம் வெளியானதும், விடுமுறை நாள் பகல் காட்சிக்கு மகள் தன் தோழிகள் நாலைந்து பேரையும் சேர்த்துவிட்டாள். எங்கம்மா பேர் வரும் பாருங்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. டைட்டில் முடிந்த பிறகு போய்ச் சேர வேண்டும்.

தாமதமாகக் கிளம்புகிறவர்களைக் காலமெல்லாம் திட்டித் தீர்த்தவள் அன்று பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. தலைவலி என்றாள், மாத்திரை தேடினாள். புடவையை மாற்றினாள், மறுபடியும் மாற்றினாள். கடைசியில் வீட்டுச் சாவியைக் காணோம் என்று அலமாரியைக் கலைத்துப் போட்டாள்.

"சாவி உன் கையிலதான இருக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரர், வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோருக்கும் முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு.

அவள் நினைத்தபடி தாமதமாகத்தான் போனார்கள். என்ன செய்ய, தியேட்டரில் விளம்பரமே முடியவில்லை. மகள் "அப்பாடா!" என்று இருக்கை நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

அலாரம் அடித்தது. சாக்பீஸ் கோடுகள் ஓடின. கதாநாயகன் முடி பறந்தது, அழகி திரும்பினாள், கைதட்டல். பிறகு அந்தப் பெண் வந்தாள். தோள் தாழ்ந்தது, கால் வீசியது. அரங்கில் அங்கங்கே களுக்கென்று சிரிப்பு.

தோழி மகளின் தொடையில் தட்டினாள். "ஏய், இது நீதான்டி! அச்சு அசல் உன் நடைடி!"

மகளும் சிரித்தாள். "போடி" என்றாள். அவள் கண் திரையை விட்டு அசையவில்லை, பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. பெண் தடுக்கினாள். முழங்கால் மடங்கி, கண்ணாடி பறந்து, கையும் காலும் நாலா பக்கமும் வீசி அவள் விழுந்தபோது தியேட்டரே அதிர்ந்தது. காகிதங்கள் பறந்தன.

"அம்மா பேரு!" என்று மகள் கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி மடியில் வந்து கிடந்தது. மகள் இருக்கையில் பின்னால் சாய்ந்துகொண்டாள். அம்மாவுக்குத் தரை பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. திரையில் படத்தின் பெயர் வந்து நச்சென்று உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் ஒரு தோழி பையை அணைத்துக்கொண்டு அந்த நடையை நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், மகளும் சிரித்தாள். திரும்பி வரும் பேருந்தில் அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் அறை வாசலில் போய் நின்றாள். "நான்தான்மா... பால்கனியில இருந்து உன்ன எடுத்தேன்."

"உன் பேரப் பாத்ததும் தெரிஞ்சுது."

"உன்னக் கேட்டிருக்கணும். கேக்காதது தப்பு."

"கேட்டிருந்தா நானே நடந்து காட்டியிருப்பேனேம்மா." காலுறையைக் கழற்றிச் சுருட்டினாள் மகள். "விழறது யாரு சொன்னது?"

டைரக்டர் என்று நாக்கு நுனி வரை வந்தது. பொய்யும் இல்லை. "விழணும்னு அவரு சொன்னாரு. எப்படி விழணும்னு நான்தான் வரைஞ்சேன்."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. எல்லாரும் சிரிச்சாங்க." அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அம்மாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. "வரையும்போது நீயும் சிரிச்சியாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"சிரிச்சேன்" என்றாள் அம்மா.

மகள் தலையாட்டினாள், டீச்சர் சொன்ன பதிலைக் கேட்டுக்கொள்வதுபோல. என்னை மன்னிச்சிடுமா என்று அம்மா சொன்னதற்கும் அதே தலையாட்டல்தான். இரவு சாப்பாட்டில் சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தட்டைக் கழுவி வைத்தாள். ஒரு கத்தல் கத்தியிருந்தால்கூட அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளி திறந்த அன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்ட மகள் கதவருகில் திரும்பினாள்.

"அம்மா, இனிமே பால்கனிக்கு வராத."

"சரிம்மா" என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வாள்?

பையை இரண்டு தோளிலும் சரியாக மாட்டியிருந்தாள் மகள். முதுகு நிமிர்ந்திருந்தது. கதவைத் திறந்து, ஒவ்வோர் அடியாக அளந்து வைத்து இறங்கினாள். அம்மா சமையலறையை விட்டு நகரவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். முதல் திருப்பத்தில் சத்தமே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அவ்வளவுதான், அதையும் தொலைத்தாயிற்று என்று நினைத்தாள்.

எல்லாவற்றுக்கும் கீழே, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத கடைசித் திருப்பத்தில், 'சரக்' என்று கேட்டது.

நடை அப்படியேதான் இருந்தது. அம்மாவுக்கு முன்னால் மட்டும் அப்படி நடப்பதில்லை.