ரொட்டிக்குப் பழகிய மந்தி

மூன்று வருடங்களுக்கு முன், வட்டகொடைப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. ஹட்டனில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது என் தொழில். நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருப்பவர் ஒருவர், காட்டில் இருக்கும் கருமந்தியைத் தத்ரூபமாக வரைந்து தரச் சொன்னார். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். முதல் தடவையாக என்னையும் ஓவியன் என்று ஒருவர் மதித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிப்பார்கள், நீங்கள் நேராகக் குரங்கையே பிடிக்கப் போகிறீர்கள் என்று மனைவி கிண்டல் செய்தாள்.

தேயிலைக்கு மேலே கொஞ்சம் காடு மிச்சம் இருக்கிறது. மந்திகளோ ஆள் வாடை பட்டாலே உச்சிக் கிளைக்குப் போய்விடும். முதல் நாலு நாளும் வாலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பொறுமை போய், சாப்பிடக் கொண்டுபோன ரொட்டியில் பாதியைப் பாறை மேல் வைத்தேன். வலது காது கிழிந்த பெண் மந்தி ஒன்று மெதுவாக இறங்கி வந்து எடுத்தது.

அன்றிலிருந்து தினமும் ரொட்டி கொண்டு போனேன். இரண்டு வாரத்தில் அது எனக்கு எதிரே தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும் அளவுக்குப் பழகிவிட்டது. ரொட்டி கொடுப்பதை மறைத்து, என்னைத் தேடித்தான் வருகிறது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேன். படமும் நன்றாக வந்தது. கண் இரண்டும் நம்மிடம் பேசுவது போல இருக்கிறதே என்று ஹோட்டல்காரர் வியந்தார். அது என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்த பார்வை என்று நான் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் காட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பத்து நாள் இருக்கும். எல்லாரும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலை நேரம். நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நாய்கள் குரைப்பது கேட்டு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாதிருந்த பக்கத்து வீட்டு அக்கா, நாய்களைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"அது ஓடவே இல்ல தம்பி. கைய வீசி வீசி வெரட்டுறேன், என் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு."

அவர் காலடியில் செத்துக் கிடந்த மந்தியின் வலது காது கிழிந்திருந்தது. பாவம், பசியில் வழி தவறி வந்திருக்கும் என்று அக்கா அழுதார். வழி காட்டியது நான்தான். இரண்டு பேருமாகத்தான் அதைப் புதைத்தோம். ரொட்டி கொடுத்துப் பழக்கியதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் படம் இன்னும் ஹோட்டலில் இருக்கிறது. யாராவது அதைப் புகழும்போதெல்லாம், என்னை நம்பிய ஓர் உயிருக்கு எல்லா மனிதர்களையும் நம்பக் கற்றுக்கொடுத்துவிட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.