எந்தப் பகுதியில் விஷம்?

என் வலது கண் தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது நான் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், செனாய் என்ற ஊரில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். முதலில் கீழ் இமை மட்டும் துடித்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் கன்னமும் சேர்ந்து இழுத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாயின் வலது ஓரம் மேலே ஏறும், கண் மூடித் திறக்கும். லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சூப்பர்வைசர் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டாள். கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்த மலாய்க்கார அம்மாளைப் பார்த்தும் என் கண் அடித்தது. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, முதலில் டாக்டரிடம் போங்கள் என்றார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

ஜொகூர் பாருவில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சிறியவர், தமிழ்ப் பெண். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ஒரு ரத்தக் குழாய் முக நரம்பின்மேல் இடித்துக்கொண்டிருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளலாம். என்ன மருந்து என்று கேட்டேன். போடுலினம் என்றார். கெட்டுப்போன டின் சாப்பாட்டில் ஒரு கிருமி உண்டாக்கும் விஷம் அது. உடம்பெல்லாம் பரவினால் மூச்சே நின்றுவிடும், ஆனால் இமையைச் சுற்றித் துளியிலும் துளியாகப் போட்டால் துடிப்பை அடக்கும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதை அண்ணனிடம் சொன்னபோதுதான் குழப்பம் பெரிதானது. அண்ணன் பாலோ என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். சின்ன வயதில், தோட்டத்தில் இருந்தபோது, அவர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. காயம் ஆறிக்கொண்டிருக்கையில் தாடை பூட்டிக்கொண்டது. மலாய்க்காரர்கள் அதைப் பல் பூட்டு என்ற பொருளில் கஞ்சிங் கிகி என்பார்கள்; டாக்டர்கள் டெட்டனஸ் என்றார்கள். குளுவாங் ஆஸ்பத்திரியில் அவரை இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட முதுகு வில்லாக வளைந்து உடம்பு முழுவதும் இறுகிவிடும். பிழைத்தது பெரிய விஷயம்.

"கிருமி விஷம் என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்டா," என்றார் போனில். "அதைக் காசு கொடுத்து மூஞ்சியில போட்டுக்கப் போறியா?"

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது லாரிக்கு லீவு சொல்லிவிட்டு அவரே கூட வந்தார். என் மனைவிக்கு அது நிம்மதியாக இருந்தது. அவளும் குழம்பித்தான் போயிருந்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த விஷம் ஒரே ஒரு புரதம். ஆனால் அதற்குள் தனித்தனி வேலை செய்யும் மூன்று பகுதிகள் இருக்கின்றன, டொமைன் என்பார்களாம். ஒரு பகுதி நரம்பின் நுனியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும். உணவு என்று நினைத்தோ என்னவோ, நரம்பு அதை ஒரு சின்னப் பைக்குள் விழுங்கிவிடும். இரண்டாவது பகுதி அந்தப் பையின் சுவரில் வழி திறக்கும். மூன்றாவது பகுதி அந்த வழியாக உள்ளே போய், தசைக்குச் சேதி அனுப்பும் கருவியை வெட்டிவிடும். சேதி வராததால் தசை தளர்ந்துவிடும்.

"அப்ப விஷம் எந்தப் பகுதியில இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

வெட்டுவது மூன்றாவது பகுதிதான், ஆனால் அதை மட்டும் தனியாகப் போட்டால் நரம்புக்குள் நுழையத் தெரியாமல் வெளியிலேயே கிடக்கும் என்றார். பிடிக்கிற பகுதியை மட்டும் போட்டால் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் விஷம். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அண்ணன் தன் கதையைச் சொன்னார். டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். டெட்டனஸ் விஷமும் இதே குடும்பம்தானாம். அதே மூன்று பகுதிகள், அதே மாதிரி வெட்டு.

"அது எப்படி? எனக்கு உடம்பு இறுகிச்சு. தம்பிக்குத் தளரும்னு சொல்றீங்க."

"போற இடம் வேற அங்கிள்," என்றார் டாக்டர். "தம்பிக்குப் போடுறது நரம்பு நுனியிலயே நின்னு, இறுகுங்கிற சேதியை வெட்டும். உங்களுக்கு வந்தது நரம்பு வழியா முதுகுத்தண்டுக்கு ஏறிப் போய், போதும் விடுங்கிற சேதியை வெட்டிடுச்சு."

பிறகு டாக்டர், கடைசியாக எப்போது டெட்டனஸ் தடுப்பூசி போட்டீர்கள் என்று கேட்டார். பிழைத்து வந்தபோது என்ன ஊசி போட்டார்களோ தெரியாது, அதற்குப் பிறகு எதுவும் போட்டதில்லை என்றார் அண்ணன். அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார். நானும்தான். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆளையே கொல்லப் போதுமான விஷம்கூட, உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளப் போதாதாம், அவ்வளவு குறைவு. ஆகவே வந்தவருக்கு மறுபடியும் வரலாம்.

அண்ணன் தினமும் முள்ளிலும் இரும்பிலும் கை வைக்கிறவர். "தடுப்பூசியில என்ன இருக்கு?" என்று கேட்டார். அதே விஷம்தான், கெடுதல் செய்ய முடியாதபடி மருந்து போட்டு அடக்கியது என்றார் டாக்டர்.

"அலமாக், ஐயோ. அப்ப எனக்கும் அதேதானா?"

அன்றைக்கு இரண்டு பேருமே ஊசி போட்டுக்கொண்டோம். எனக்குக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் எறும்பு கடித்த மாதிரி நாலைந்து இடத்தில். அவருக்குக் கீழ்மாடியில், இடது தோளில். தடுக்க வந்தவர் எப்படிச் சட்டைக் கையைச் சுருட்டினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. காரில் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். லாயாங் லாயாங் ஊரைத் தாண்டும்போது சொன்னார்:

"ஆஸ்பத்திரியில எனக்கு நினைவு இல்லைன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்க. நினைவு இருந்துச்சுடா. எல்லாம் கேட்டுச்சு. கண்ணைத்தான் திறக்கலை. திறந்தா வெளிச்சம் பட்டு மறுபடி இழுக்கும்னு பயம்."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாதித் தூக்கத்தில் வந்த கெட்ட கனவாக இருக்கலாம் என்று நினைத்தாராம். மயக்கத்தில் இருக்கிற பிள்ளை என்றே எல்லோரும் சொன்னதால் தன்மேலேயே அவருக்குச் சந்தேகம். டெட்டனஸில் நினைவு தப்பாது என்று, அவர் கேட்டதும், அன்றுதான் டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் பல் விளக்கும்போதுதான் கவனித்தேன், முகம் அமைதியாக இருந்தது. வாயின் ஓரம் மட்டும் லேசாகத் தொங்கியது. சில வாரங்களுக்குத் தேநீர் குடித்தால் சட்டையில் வழிந்தது. மறுபடி பார்க்கப் போனபோது குணமாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். நரம்பு இன்னும் கண்டபடி கத்திக்கொண்டுதான் இருக்கிறது, தசைக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார். மாதங்கள் போனதும் நரம்பு தன்னைச் சரிசெய்துகொண்டது, துடிப்பும் திரும்பி வந்தது. மறுபடி ஊசி போட்டுக்கொண்டேன். இப்படியே போகிறது.

அண்ணன் மிச்ச ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொண்டார். லாரிக்காரர்களையும் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறாராம். அவர்கள் ஏன் என்று கேட்டால் மூன்று பகுதிகளையும் விளக்க ஆரம்பித்து, இரண்டாவதிலேயே சிக்கி, எனக்குப் போன் போடுகிறார். நானும் அந்த இடத்தில்தான் சிக்குகிறேன்.