கழுதைக்கு வைத்த கிரீடம்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு நான் டீச்சர். ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். ராஜகிரிக் கோட்டைக் குரங்குகளுக்கும் பஸ் ஸ்டாண்டு நாய்களுக்கும் சண்டை. காரணம், கோட்டை பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன ஒரு முறுக்குப் பொட்டலம். பஞ்சாயத்துப் பண்ண வந்த ஆடு, பேச்சு நடக்கும்போதே பொட்டலத்தைப் பேப்பரோடு தின்றுவிடும். அது தெரியாமல் இரண்டு படையும் அடித்துக்கொள்ளும். இரண்டு படைக்கும் மூட்டை சுமப்பது ஒரே கழுதை. வகுப்பில் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள்.

யாருக்கு எந்த வேஷம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். குரங்கு ராஜா ஒரு பெண்பிள்ளைக்கு விழுந்தது. காலனியிலிருந்து வருகிறவள். அன்றைக்கே பெஞ்சுக்குப் பெஞ்சு தாவ ஆரம்பித்துவிட்டாள். கழுதை வேஷம், பெற்றோர் சங்கத் தலைவரின் மகனுக்கு வந்தது.

மறுநாளே தலைவர் வந்து நின்றார்.

“எம்புள்ள கழுதையா மூட்ட தூக்கணும், காலனிப் பொண்ணு கிரீடம் வெச்சிக்கினு ஒக்காரணுமா? இன்னா டீச்சர் இது?”

“குழந்தைங்க நாடகம் சார். சீட்டுல வந்தது” என்றேன். தலைமையாசிரியர் என்னை மேலே பேசவிடவில்லை. “நீங்க டென்ஷன் ஆவாதீங்க சார், மாத்திடலாம்” என்றார். இரண்டு பேர் வேஷத்தையும் மாற்றியே விட்டார்.

அவள் அழவில்லை. “கழுத எப்டி மிஸ் நடக்கும்?” என்று கேட்டாள். நான் நடந்து காட்டினேன்.

தலைமையாசிரியரிடம் நான் மறுபடி சண்டைக்குப் போகவில்லை. காரணம் இருந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் இருவருமே நாடகத்தைக் கடைசிவரை படிக்கவில்லை. கடைசிக் காட்சியில் சண்டை போட்டுக் களைத்த குரங்கு ராஜா, ‘நம்ம எல்லாரையும் சுமந்தது இதுதானே’ என்று தன் கிரீடத்தைக் கழற்றிக் கழுதைக்கு வைக்கும்.

விழாவன்று கூட்டம் நன்றாகச் சிரித்தது. ஆடு பேப்பரைத் தின்றபோது தலைவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். கடைசிக் காட்சி வந்தது. பையன் கிரீடத்தைக் கழற்றினான். அவள் முட்டிபோட்டுத் தலையைக் குனிந்தாள்.

முன்வரிசையிலிருந்து தலைவர் எழுந்துவிட்டார். “டேய்! அத்த உன் தலையிலயே வைடா!”

பையன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தன் தலையிலேயே வைத்துக்கொண்டான். தலைமையாசிரியர் கையைக் காட்ட, மைக்செட்காரர் பாட்டைப் போட்டுவிட்டார். கூட்டம் கைதட்டியது. அவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் அப்படியே இருந்தாள், நான் போய் எழுப்பும்வரை.

மேடைக்குப் பின்னால் அட்டைக் காதைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “கடைசி சீன்ல நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா மிஸ்?”

நேராக முன்வரிசைக்கு, தலைவரிடம் போனேன். “நான் எதுனா தப்பு பண்ணிட்டேனான்னு அந்தப் பொண்ணு கேக்குறா சார். நீங்களே வந்து சொல்லுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “சாப்பாடு ரெடியா சார்?” என்றார்.