கையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்

எண்பத்தைந்தாம் ஆண்டில் எங்கள் பக்கத்தில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: அவன் பின்னால் ஆமிப் பட்டாளம் வருகிறது. கண்டவனும் சேர்ந்து ஓடுவான். ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் மடையன். அப்படிப்பட்ட காலத்தில் மரதன் என்று நெடுந்தூர ஓட்டம் ஓடப் போகிறேன் என்று ஒரு மனிதர் வெளிக்கிட்டால் அவரை என்ன சொல்வது? எனக்கு மனதில் பட்டதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவர் என் அக்காவின் கணவர், கதிரவேலு அத்தான்.

உரும்பிராயில் புகையிலை செய்தவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இளவயதில் வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டிகளில் மரதன் ஓடி வென்றவர். பரிசாக வாங்கிய கிண்ணத்தில் அக்கா உப்பு போட்டு வைத்திருந்தாள். அத்தான் அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

அக்கா பாலேஸ்வரிக்கு வெற்றிலை இல்லாமல் வாய் இருக்காது. போடுகிற புகையிலையும் சொந்தத் தோட்டத்துப் புகையிலை. ஒரு நாள் கன்னத்துக்குள் புண் வந்தது. தேன் தடவினாள், ஆறவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். அன்று பின்னேரமே அத்தான் தோட்டத்துக்குப் போய், இடுப்பளவு வளர்ந்து நின்ற புகையிலைக் கன்றுகளை ஒன்றும் விடாமல் பிடுங்கிப் போட்டார். பிறகு வெங்காயம் நட்டார்.

அக்காவுக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். கழுத்துத் தோல் கறுத்துவிடும், குடித்த தண்ணீரும் சத்தியாக வெளியே வந்துவிடும். அப்படிப்பட்டவர்களை மினிபஸ்காரர் ஏற்றவே மாட்டார்கள். ஏற்றினாலும் சத்தியெடுத்த இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சாவகச்சேரிப் பக்கத்து நோயாளிகள் பாதிவழியில் வேலியோரம் குந்தியிருப்பதை நானே கண்டிருக்கிறேன். அக்காவையும் ஒரு நாள் மருதனார்மடத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் அந்த வெய்யிலில் வீடுவரைக்கும் நடந்து வந்தாள். நோயைக்கூட அத்தான் தாங்கிக்கொண்டார், இதைத் தாங்கவில்லை.

தெல்லிப்பழையில் வின்சன்ற் மாஸ்டர் என்றொரு ஓய்வுபெற்ற வாத்தியார் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றை நடத்திவந்தார். நோயாளிகளை ஏற்றி இறக்க ஒரு வாகனம் வேண்டும், மரதன் ஓட்டம் வைத்துக் காசு சேர்ப்போம் என்று கூட்டம் கூட்டினார். போர்நிறுத்தம் வந்திருந்த நேரம் அது. ஊரில் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது. சில பொடியன்களும் அத்தானும் ஓடுவதாகப் பெயர் கொடுத்தார்கள்.

அப்போது சுன்னாகத்து ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். புகையிலை வியாபாரி. அத்தானின் புகையிலையை ஆண்டாண்டாக வாங்கியவர், அதை அவர் பிடுங்கி எறிந்ததில் பொல்லாத கோபம்.

“கதிரவேலு, உமக்கு ஒரு கதை சொல்லுறன். மிருசுவிலிலை துவங்கி இந்த ஆஸ்பத்திரி வாசல் கேற் வரைக்கும் ஓடி வாரும். இடையிலை நிக்கப்படாது, நடக்கப்படாது. வந்து கேற்றைத் தொட்டீரெண்டால் புகையிலை ஏத்திற என்ரை வானைச் சங்கத்துக்குத் தாறன். இல்லையெண்டால் அடுத்த போகம் பழையபடி புகையிலை நடும்.”

சபை சிரித்தது. அத்தான் எழுந்து, “ஓம்” என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும், “கைதடி தாண்டினால் பாலத்தடியிலை ஆமிக் காவல் சென்றி இருக்கெல்லோ? அதிலை சைக்கிளாலை இறங்கி நடக்காதவன் ஆர்? அதிலை ஓடினால் சுடுவாங்கள். நடந்தால் வான் போச்சு. என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன்.

“பாப்பம்” என்றார்.

றோட்டில் ஓடிப் பழக முடியாது. தோட்ட வரம்பில் விடியற்காலையில் சுற்றிச் சுற்றி ஓடினார். செக்குமாடு என்று அயலட்டைச் சனம் சிரித்தது.

ஓட்டம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிருசுவிலில் பார்த்தால் அத்தானைத் தவிர ஒருவரும் இல்லை. எந்தத் தாய் தன் பிள்ளையை ஆமிக்கு முன்னால் ஓடவிடுவாள்? நான் சைக்கிளில் பின்னால் போவது என்று ஏற்பாடு. ஆனால் மச்சான் சாட்சி செல்லாது என்று ஆழ்வாப்பிள்ளை சொல்லிவிட்டார். சந்திக்குச் சந்தி தன் ஆட்களைச் சோடாப் போத்தலோடு நிறுத்தியிருந்தார், அத்தான் நடக்கிறாரா என்று பார்க்க.

சாவகச்சேரிவரைக்கும் திருவிழா மாதிரித்தான் இருந்தது. சந்தைப் பெண்கள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், தேசிக்காய் வெட்டிக் கையில் வைத்தார்கள். கைதடி தாண்டியதும் சனம் இல்லை. இரண்டு பக்கமும் உப்பு வெளி. எதிரே மண்மூட்டைகள்.

தூரத்திலேயே நான் சைக்கிளால் இறங்கி உருட்டத் தொடங்கிவிட்டேன். அத்தான் ஓடிக்கொண்டே இருந்தார். மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் கத்தினான். துவக்கில் தோட்டா ஏற்றும் சத்தம் கேட்டது. செத்தான் மனிசன் என்று நான் கண்ணை மூடிவிட்டேன். வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அத்தான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறார். கால் மட்டும் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்.

நான் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அடிபட்டுக் கப்பலில் வந்து இறங்கும்வரைக்கும் குருநாகலில் கடையில் நின்றவன். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு ஒரு சொல் வாயில் வந்ததா? “மரதன், மரதன்” என்று மட்டும் கத்தினேன். அது அவர்களுக்கும் மரதன்தான். “கான்சர், ஆஸ்பத்திரி” என்றேன். சிப்பாய் திரும்பி யாரையோ கூப்பிட்டான்.

மேலாள் ஒருவன் கையில் பாணும் சம்பலுமாக வந்தான். அத்தானைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு மூட்டையில் குந்தி, பாணைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினான். பார்வை அத்தானின் கால்களில். சிப்பாயின் துவக்கு அத்தானின் நெஞ்சுக்கு நேரே. வெய்யில் ஏறியது. அத்தானின் வியர்வை நிலத்தில் சொட்டி அந்த இடம் கறுத்தது. கால் தூக்கும் உயரம் குறைந்துகொண்டே வந்தது. இவன் பாண் எப்போது முடியும் என்று நான் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். கடைசித் துண்டையும் தின்று, கையைத் தட்டி, போ என்பதுபோலத் தலையை அசைத்தான்.

அத்தான் ஓடினார். தூக்கிய கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் துவக்கு. பாலம் முழுக்கக் கையைத் தூக்கியபடியே ஓடினார். நான் விழுந்தடித்துப் பின்னால் மிதித்தேன்.

பிழை அங்கேதான் நடந்தது. கோப்பாய்ச் சந்தியில் நின்ற சனம் என்னத்தைக் கண்டது? ஆமி இருக்கிற பக்கத்திலிருந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் பிளந்தபடி ஒரு மனிதன் ஓடிவருகிறான். பின்னால் இன்னொருவன் பேயறைந்த முகத்தோடு சைக்கிளில் வருகிறான். வேறு என்ன நினைக்கும்? கடைப் பலகைகள் படபடவென்று விழுந்தன. ஆழ்வாப்பிள்ளையின் ஆள் சீவரத்தினம் சோடாப் போத்தலைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தான். நின்ற மினிபஸ் சனத்தை அள்ளிக்கொண்டு தெல்லிப்பழைப் பக்கம் பறந்தது. ஒன்றுமில்லை, நில்லுங்கோ என்று நான் கத்தக் கத்த, சனம் இன்னும் வேகமாக ஓடியது.

“கையை இறக்குங்கோ அத்தான்!”

அவர் இறக்கியபோது சந்தியில் ஒரு நாய்கூட இல்லை.

அதன்பிறகு எங்களுக்கு முன்னால் செய்தி ஓடியது, எல்லா ஊரும் வெறிச்சென்று கிடந்தது. எங்கள் சொந்த ஊர்ச் சந்தையும் பூட்டு. தண்ணீர்ப் பந்தலில் பானைகள் மட்டும் இருந்தன. நானே அள்ளி அவர் தலையில் ஊற்றினேன். அவருடைய ஒரு சப்பாத்துக்குள் இரத்தம் ஊறி வெளியே தெரிந்தது. ஓடிக்கொண்டே சத்தியெடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒரு சனமும் இல்லை அத்தான். கொஞ்சம் நடவுங்கோ. ஆர் பாக்கப்போகினம்?”

மருதனார்மடம் வந்தது. அவர் றோட்டோரத்தைக் கையால் காட்டினார்.

“இதிலைதான் அவளை இறக்கிவிட்டவங்கள்” என்றார்.

பிறகு, எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பலம், வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் நின்றது. கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. போட வாங்கிய பூமாலையை ஆடு ஒன்று தின்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கி மட்டும் கேட்க ஆளில்லாமல் நாதஸ்வரம் வாசித்தது. உள்ளே தாதிமார் எழும்ப முடியாத நோயாளிகளைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் கொஞ்ச நோயாளிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று றோட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

அத்தான் கேற்றைத் தொட்டார். தொட்டும் நிற்கவில்லை. பாலத்தடியில் செய்ததுபோல நின்ற இடத்திலேயே ஓடினார். கண்டேன் என்று சொல்ல ஆழ்வாப்பிள்ளை இல்லையே. அவர் வருமுன் நின்றால் தோற்றதாகிவிடும் என்று மனிதருக்குப் பயம். நான் பிடித்தேன், உதறினார். கண் எங்கேயோ செருகியிருந்தது.

விறாந்தையிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். கழுத்தில் கட்டு. வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ, போதும். நில்லுங்கோ. நான் கண்டிட்டன்.”

வாய் சரியாகத் திறக்காததால் அவள் சொற்கள் குழைந்துதான் வரும். ஆனால் அத்தானுக்கு விளங்கியது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

வதந்தி என்று தெரிந்து சனம் வாழைத் தோட்டங்களுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தது. ஆழ்வாப்பிள்ளையும் முழங்கால்வரைக்கும் சேறோடு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா?

“கோப்பாய்க்கு இஞ்சாலை என்ரை ஆக்கள் ஒருத்தரும் காணேல்லை. கேற்றைத் தொட்டதெண்டாலும் ஆர் சாட்சி?”

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளைத் தூக்கி அவர் மேலே போட்டிருப்பேன். அக்கா முந்திவிட்டாள். ஒவ்வொரு சொல்லாக, வலியோடு சொன்னாள்.

“உங்கடை சாட்சியள் எல்லாம் ஓடிட்டினம். நாங்கள் ஓடேலாத ஆக்கள். அதாலை கண்டனாங்கள்.”

விறாந்தையில் நின்றவர்கள் கையை உயர்த்தினார்கள். ஒருவருக்குத் தொண்டையில் குழாய், அவரும் உயர்த்தினார். வின்சன்ற் மாஸ்டர் ஆழ்வாப்பிள்ளையின் சேற்றுக் காலைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை மடியை அவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்து, வான் திறப்பைக் கழற்றி அத்தானின் கையில் வைத்தார். பொல்லாத மனிதர்தான், ஆனாலும் சபையில் சொன்ன சொல்லுக்கு நின்றார்.

அந்த வானில் முதல் முதல் ஏறி வீட்டுக்கு வந்தவள் அக்கா. எண்பத்தேழாம் ஆண்டு மாசியில் அவள் போய்விட்டாள். அத்தான் மறுபடி புகையிலை நடவில்லை, வான் ஓட்டப் பழகினார். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பக்கத்து ஊர்கள் முழுவதும் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டபோது நாவற்குழிப் பாலத்தில் அந்த வானைக் கண்டேன். சனத்துக்குள் எறும்பாக ஊர்ந்தது. உள்ளே நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வேறு யாரோ ஓட்டினார்கள். அத்தான் மழையில் நனைந்தபடி பக்கத்தில் நடந்து வந்தார்.

“இந்த வயசிலை ஏன் நடக்கிறியள்? முன்னுக்கு ஏறி இருங்கோவன்” என்றேன்.

“அது ஓடேலாத ஆக்களின்ரை இடம்” என்றார்.