வீடு மந்திரித்த நாள்

லிங்கராஜபுரத்தில் நாங்கள் வாங்கிய வீட்டைத் திறந்து பார்த்ததும் என் கணவர், "இதை வௌவாலுக்கு எழுதி வெச்சுட்டாங்களா?" என்று கேட்டார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு ஏழெட்டு வருஷம் பூட்டியே கிடந்த வீடு அது. ஓடு பாதி சரிந்திருந்தது. பின் அறைச் சுவரில் என் முழங்கை உயரத்துக்குக் கரையான் ஏறியிருந்தது. கையிலிருந்த பணம் வாங்குவதற்கே சரியாகப் போய்விட்டது. கொத்தனாரைக் கூப்பிட எங்களுக்கு வக்கில்லை. அதனால் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா தொம்மலூரில் தனியாக இருந்தார். சுண்ணாம்பு அடிப்பது அவர் தொழில். அம்மா போனபிறகு அவருக்கு இருந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு மாதம், தன் கூலி வேலை முடிந்து, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையும் வாளியுமாக அவ்வளவு தூரம் நடந்தே வருவார். ஓட்டைப் பிரித்து, உடையாததைப் பொறுக்கி முன்பக்கத்துக்கு மாற்றினார். சுண்ணாம்பைத் தாழியில் ஊறவைத்து, என் பழைய புடவையில் வடிகட்டி, வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, துளி நீலம் கலப்பார். அடித்தவுடன் சுவர் ஒன்றுக்கும் ஆகாததுபோல அழுது வடியும். நான் முகத்தைச் சுளித்தால், "காயட்டும்மா, அப்புறம் பேசு" என்பார். சுண்ணாம்பு அரித்து அரித்து அவர் விரல் நுனிகளில் ரேகையே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியில் நின்றபடியே கேட்டார்: "வீடு மந்திரிப்பு அன்னிக்கு எனக்கு ஹால்ல ஒரு நாற்காலி போடுவியா?"

"இதென்னப்பா கேள்வி?"

"இல்ல கண்ணு. நாப்பது வருசமா அடிக்கிறேன். முடிச்சா மட்டையக் கழுவிக்கினு பின்பக்கமா வந்துருவோம். அடிச்ச வூட்டுக்குள்ள ஒரு நாளும் உக்காந்ததில்ல. சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறப்ப சும்மா உக்காந்து பாக்கணும்."

போடுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் சிக்கல் உறைத்தது. ஏனென்றால் நான் வேலை பார்த்த கான்வென்ட் பள்ளியில் என் அப்பா செத்துப்போயிருந்தார்.

வேலை கேட்டுப் போன நாளில் பெரிய மிஸ், ஆங்கிலோ இந்திய அம்மாள், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். பக்கத்தில் காத்திருந்த பெண்களின் அப்பாக்கள் எல்லாம் தபால் ஆபீஸ், ரயில்வே. என் வாயில் என்ன பிசாசு புகுந்ததோ, "ராணுவக் கட்டட இலாகாவில் ஓவர்சியராக இருந்தார், காலமாகிவிட்டார்" என்றேன். ஓவர்சியர் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். நேரில் வந்து நின்றுவிடுவாரே என்ற பயத்தில் ஆளையே முடித்துவிட்டேன். பெரிய மிஸ் அனுதாபப்பட்டார். அந்த அனுதாபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

மந்திரிப்புக்குப் பள்ளிக்கூடமே வருவதாகச் சொல்லிவிட்டது. முதல் நாள் அப்பாவிடம், "கும்பலா இருக்கும்பா. சாயங்காலமா வாங்க, நிம்மதியா உக்காரலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி கண்ணு" என்றார். என் கணவர் மட்டும், "மாமாவுக்கு இல்லாத நாற்காலியில யார உக்கார வைக்கப்போற?" என்று கேட்டார். வேலையைப் பாருங்கள் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அப்பா பின்வாசலில் நின்றார். பின் அறையில் ஒரு மூலை இன்னும் அடிக்காமல் இருந்தது. "சொல்ப எடந்தான் பாக்கி. தீர்த்தம் தெளிக்கிற ரூம் அழுக்கா இருக்கலாமா? அடிச்சுட்டு ஓடிடறேன்" என்றார். நான் சரியென்று விட்டேன். முன்னே காரும் ஜட்காவும் வந்து நின்ற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். "அப்பா, வெளிய வராதீங்க" என்றேன். உள்ளேயிருந்து, "ஆகட்டும்மா" என்று பதில் வந்தது.

சாமியார் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவர், அப்பாவைப் பார்த்ததில்லை. ஸ்தோத்திரம் சொல்லி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஹாலில் தொடங்கினார். வீடு மந்திரிப்பு என்றால் ஒரு அறை விடாமல் தீர்த்தம் தெளிக்க வேண்டும், இது குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ கதவைச் சாத்தினால் சாமியார் கண்ணில் படாது என்று நினைத்திருந்தேன். படுக்கையறை, சமையலறை முடிந்தது. "இது என்னம்மா?" என்று சாத்தியிருந்த கதவைக் காட்டிக் கேட்டார் சாமியார்.

"ஒண்ணுமில்ல சாமி, தட்டுமுட்டுச் சாமான்."

"அங்கதாம்மா முதல்ல தெளிக்கணும்" என்று சிரித்தபடி அவரே தள்ளினார்.

அப்பா சுண்ணாம்பு வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி ஈரச் சுவரோடு ஒட்டி நின்றார். தாடியெல்லாம் வெள்ளைப் பொட்டு. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து குவிந்தார்கள்.

"யாருப்பா நீ?" என்றார் சாமியார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "சுண்ணாம்பு அடிக்க வந்தவன், சாமி."

இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தவள் மாதிரி நின்றேன். சாமியார் சுவர்களுக்குத் தெளித்தார். அப்பாவின் தலையிலும் தெளித்தார். அப்பா குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு போயிருக்கலாம். பெரிய மிஸ் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கே, மேன்" என்றார். "இந்த மிஸ்ஸோட அப்பா பெரிய ஓவர்சியர், தெரியுமா? இன்னிக்கு உயிரோட இருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்."

அப்போதுதான் அப்பாவுக்குத் தான் செத்துப்போன செய்தி தெரிந்தது.

துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்கம்மா," என்றார். "கேள்விப்பட்டிருக்கேன். நல்ல மனுசனாம்."

எல்லோரும் ஹாலுக்குத் திரும்பினோம். கேக் வெட்டினேன், டீ கொடுத்தேன், சிரித்தேன்கூட. அத்தனை பேரும் போனபிறகு பின் அறைக்கு ஓடினேன். அந்த மூலையும் அடித்து முடித்திருந்தது. அவர் இல்லை. என் கணவர் கதவருகே நின்று, "நீ சொல்லுவேன்னு கடைசி வரைக்கும் உன் வாயையே பாத்துட்டிருந்தேன்" என்றார். நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். என் கோபத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் மறுநாள் தொம்மலூருக்குப் போனேன். அப்பா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "அந்த மூலை காஞ்சிருச்சா? வெளுத்துச்சா?" என்று கேட்டார். வெளுத்தது என்றேன். காப்பி கொடுத்தார், குடித்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே பஸ் ஏறினேன். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வந்து சுவர் அடித்துக் கொடுத்தார். நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக் கெஞ்சியிருக்கிறேன். "உடம்பெல்லாம் சுண்ணாம்பும்மா" என்று சொல்லிப் பின்பக்கமாகவே போய்விடுவார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஆறாவது வருஷம் அவர் போய்விட்டார். லீவு கேட்டுப் பெரிய மிஸ் முன்னால் காகிதத்தோடு நின்றேன். "யார் இறந்தது? நெருங்கிய உறவா?" என்று கேட்டார். அப்பா என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"பெரியப்பா" என்றேன்.

பெரியப்பாவுக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். அடக்கம் முடிந்த மறுநாள், மணியடிப்பதற்கு முன்பே நான் வகுப்பில் இருந்தேன்.