இரண்டு கூண்டுக்கும் போன கேரட்

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை 9.40. மூடாப்பு, தூறல் விழுந்தும் புழுக்கம் குறையவில்லை. தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனான நான், எலி ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

உடம்பு சூடேறாத அளவு பலவீனமான மைக்ரோவேவ் கதிர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறதா, கேரட் அதைத் தடுக்கிறதா என்பது ஆய்வு. 'ஏ' கூண்டுக்குக் கதிரே கிடையாது. 'பி' கூண்டின் பன்னிரண்டு எலிகளுக்குக் கதிரும் வெறும் தீனியும். 'சி' கூண்டின் பன்னிரண்டுக்குக் கதிரும் கேரட்டும். கதிரால் துளியும் ஆபத்தில்லை என்பார் எங்கள் டாக்டர். கதிர் வீசும் ஜெனரேட்டரைப் போட்டதும் அடுத்த அறைக்குப் போய்விடுவார். தினமும் இரண்டு டம்ளர் கேரட் சாறு குடிப்பார். மாதம் தவறாமல் ஜலதோஷம் பிடிக்கும்.

'பி', 'சி' இரு கூண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகவே வந்தது. டாக்டர் தாளைத் தள்ளினார்.

"கேரட் தின்னதும் தின்னாததும் எப்படி ஓய் ஒண்ணா இருக்கும்? உமக்குக் கண்ணு போயிடுத்து."

"மூணு தடவை எண்ணிட்டேன் சார்."

"அப்போ கூண்டுல எவனோ கை வெச்சிருக்கான். யாருன்னு பார்த்துண்டு வாரும், இன்னிக்கே வெளியில அனுப்பிடறேன்."

கூண்டுகளைக் கவனிப்பவர் கோதண்டம். தினக்கூலி, மூன்று பெண்கள். கேட்டேன், மறைக்கவில்லை.

"ஆமா சார், பாதி பாதியா குட்த்தேன். கரண்ட்டு ரெண்டு கூண்டு மேலயும் வுடறீங்கோ, கேரட்டு மட்டும் ஒண்ணுக்கா? பன்னெண்டு துன்னுக்கினு கீது, பன்னெண்டு பாத்துக்கினு கீது. உங்க வூட்ல இப்டித்தான் சோறு போடுவீங்களா?"

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

ஆறு வாரம். என் எண்ணிக்கை சரி, ஆராய்ச்சிதான் நடக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். "என் கண்ணுதான் சார். இதுவரை எழுதினது எதையும் எடுத்துக்க வேண்டாம். புது எலி வெச்சு முதல்லேர்ந்து பண்ணலாம். தீனியும் நானே வைக்கிறேன்."

"அதைத்தானே காலம்பறவே சொன்னேன்" என்றார். முகம் அப்படியே பொலிந்தது. கேரட் வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கண்ணாடி போடச் சொல்லி உத்தரவிட்டு, 'பார்வைக் குறைவு' என்று என் ஃபைலிலும் எழுதினார்.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளே, மைக்ராஸ்கோப்பைத் தொடுவதற்கு முன், தீனி வைப்பவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நான் பேசவில்லை. தேவையில்லாத மூக்குக்கண்ணாடிக்கு 42 ரூபாய் 50 காசு. ஃபைலில் ஏறிய அந்தக் குறிப்பால் நிறுத்திவைத்த இன்க்ரிமென்ட் மாதம் எட்டு வீதம் ஒரு வருடத்துக்கு 96. ஆக 138 ரூபாய் 50 காசு.