ஜாசின் தடுப்பில் ஒரு வரைபடம்

மலாயாவில், ஜாசின் ஊருக்கு வெளியே, முள்கம்பித் தடுப்பின் முன் எங்கள் பஸ் நிற்கிறது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லோரையும் சோதிக்கிறார்கள். பெண்களுக்குத் தனியே ஒரு தகரக் கொட்டகை. அங்கே சோதிப்பவர் ரோசம்மா என்ற தமிழ்ப் பெண். என் பள்ளி நோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுகிறார்.

"என்ன டீச்சர் இது?"

"ஜாசினுக்கு வெளியூர் ஆளுங்க வர என்ன செய்யலாம்னு டவுன் ஆபீஸ்ல யோசனை கேட்டாங்க. காட்டோரம் சுடுதண்ணி ஊத்து இருக்குல்ல, அங்க குளிக்கத் தொட்டி, போக ஒரு பாதை, பக்கத்துல சாப்பாட்டுக் கடைன்னு வரைஞ்சேன்."

அவர் முகம் மாறுகிறது.

"காட்டுக்குப் பாதையும் சோத்துக் கடையுமா? தொரை பாத்தா, உள்ள இருக்கிறவங்களுக்குச் சோறு போற வழின்னுதான் நினைப்பாரு. போன வாரம் ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஒருத்தரைப் பிடிச்சிட்டுப் போனாங்க. இன்னும் வரலை லா."

வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. ரோசம்மா தாளை மடித்துத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொள்கிறார். வெள்ளைக்கார அதிகாரி எட்டிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை துவான் என்று ரோசம்மா மலாய் மொழியில் பணிவாகச் சொல்கிறார்.

ரோசம்மாவையும் யாராவது சோதிப்பார்களா என்று, பஸ் கிளம்பியதும் பக்கத்து இருக்கை அம்மாவிடம் மெதுவாகக் கேட்கிறேன். வேலை முடிந்து போகும்போது சோதிக்கிறவர்களையும் சோதிப்பார்களாம்.

திரும்பிப் பார்க்கிறேன். ரோசம்மா அடுத்த பஸ்ஸின் பெண்களை உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறார். தாளின் அடியில் என் பெயர் இருக்கிறது. ஆனால் அகப்பட்டால் முதலில் போகப்போவது அவர்தான்.